பதினோரு வரிக் கடிதம்

திருமங்கலம் ஸ்டேஷனில் அன்றைக்கு இறங்கியவை:
உப்பு மூட்டைகள், ஒரு கன்றுக்குட்டி,
பட்டணத்துத் தாண்டவராய முதலியார்,
அவர் பின்னால் கூலியாள் தலையில்
வைக்கோல் திணித்த மரப்பெட்டி.

பெட்டிக்குள் பன்னிரண்டு குப்பி.
பெல்டன் துரையின் நரம்பு டானிக்.
லேபிளில் தாடி வைத்த ஒரு துரை,
எங்கள் டிஸ்பென்சரிச் சுவரில் தொங்கும் ராணியைவிடத்
திடமாக இருந்தார்.

"நோயாளிக்கு நாங்கள் விற்பதில்லை ஐயா,
வைத்தியருக்குத் தருகிறோம்" என்றார் முதலியார்.
தருகிறோம் என்ற சொல்லில் வெல்லம் ஒட்டியிருந்தது.
ரயில் கூலி கம்பெனியுடையது.
வெள்ளி உறை போட்ட தெர்மாமீட்டர் ஒன்று
தானாகவே மேசைமேல் வந்து படுத்துக்கொண்டது.
பதிலுக்கு நாலு வரி, கையெழுத்து, பதவி.
"தஞ்சாவூரில் எழுதிவிட்டார்கள், திண்டுக்கல்லில் எழுதிவிட்டார்கள்.
வைகைக்குத் தெற்கே யாருக்கும் நரம்பே இல்லையா டாக்டர்?"

டாக்டர் தேவஇரக்கம் சிரிக்கவில்லை.
மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படித்தவர்.
தெர்மாமீட்டரைத் திருப்பித் தந்தார்,
பெட்டியை வைத்துக்கொண்டார்.
"கொடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்."

அன்றிரவு ஒரு கரண்டி ஊற்றி
விளக்கில் சூடு காட்டித் தீக்குச்சி கிழித்தேன்.
நீலமாக நின்று எரிந்தது.
ஊதி அணைத்தேன். குப்பியில் இருந்ததைக் குடித்தேன்.
கம்பவுண்டராக வந்த ஏழு வருஷத்தில்
அப்படியொரு தூக்கம் வந்ததில்லை.
இதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆறு வாரம்.
பஞ்சு மூட்டை ஏற்றுகிறவர்களில் இருமல்காரர் நாலு பேர்,
முறைக்காய்ச்சல் ஐந்து பேர்,
தாலுகா கச்சேரிக் குமாஸ்தா ஒருவர்.
பிறகு டாக்டர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்,
என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.
பதினோரு வரி.
காய்ச்சல் இறங்கவில்லை. இருமல் நிற்கவில்லை.
குமாஸ்தா மட்டும் சுகம், அவருக்கு முதலிலேயே நோய் இல்லை.
இதில் சாராயம் இருக்கிறது, லேபிளில் இல்லை.
ஒன்பதாம் வரி:
ஒருமுறை குடித்தவர்கள் மறுபடி கேட்டு வருகிறார்கள்.
பத்தாம் வரி:
அதுதான் எனக்குக் கவலை.

தை மாதம் மதுரையிலிருந்து வந்த பத்திரிகையில்
அதே தாடி, கீழே கட்டம் கட்டி:
ஒருமுறை குடித்தவர்கள் மறுபடி கேட்டு வருகிறார்கள்
– டாக்டர் தேவஇரக்கம், திருமங்கலம்.
ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.
அந்த நேர்மையை எங்கே கொண்டு வைப்பது?

மூன்று கடிதம் போட்டோம்.
பதிலாக ஒரு காலண்டர் வந்தது.

சித்திரை வெயிலில் கப்பலூரிலிருந்து
ஒச்சம்மாள் நடந்து வந்தாள்.
சினையாட்டை விற்று மாசி வீதிக் கடையில்
ஒன்றேகால் ரூபாய் வீதம் மூன்று குப்பி வாங்கியவள்.
புருஷன் பங்குனியிலேயே போய்விட்டான்.
திட்ட வரவில்லை. அழவுமில்லை.
மடியிலிருந்து குப்பிகளை எடுத்து வரிசையாக வைத்தாள்,
கடைசிக் குப்பியில் அரை விரற்கடை மிச்சம்.
"ஒங்க பேரு போட்ட மருந்துன்னு படிச்சுச் சொன்னாக.
திரும்ப எடுத்துக்கிட்டுக் காசு குடுப்பீகளா?"

மூன்றே முக்கால் ரூபாய்.
டாக்டர் எண்ணிக் கொடுத்தார்.
"ஆடு நாலு ரூவாய்க்குப் போச்சு" என்றாள்.
கால் ரூபாய் நான் போட்டேன்.
ஏன் என்று டாக்டர் கேட்கவில்லை.

குப்பிகள் நல்ல கனம், எறிய மனசில்லை.
வெந்நீரில் ஊறப்போட்டேன்.
துரையின் தாடி சுலபமாக உரிந்து வந்தது.
நகத்தால் சுரண்டச் சுரண்டத் திருமங்கலம் போயிற்று.
டாக்டர் பெயர் பாதி போயிற்று.
மறுபடி கேட்டு வருகிறார்கள் என்பது மட்டும்
கண்ணாடியோடு கண்ணாடியாக நின்றுவிட்டது,
சீமைப் பசை.

அதில் கொயினா ஊற்றி வைத்தேன்.
காய்ச்சல் இறங்கியது.
மறுபடி கேட்டு
ஒருவரும் வரவில்லை.